தாம்பரத்துக்கு ஒரு மாலை நேரச் சட்டக் கல்லூரி வேண்டும்

நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள் புதிதாக வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது என்று இந்திய பார் கவுன்சில் ஒரு காலத்தில் விதி வைத்திருந்தது. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. இளம் வயதில் பதிவு செய்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர் ஐம்பது வயதில் கறுப்பு அங்கியோடு திரும்பி வரலாம் என்றால், ஐம்பது வயதில் முதன்முறையாக வருகிறவரை மட்டும் தடுப்பதில் என்ன நியாயம் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். பிறகு 2016-ல், மூன்றாண்டு எல்எல்.பி. படிப்பில் சேர முப்பது வயது உச்சவரம்பை பார் கவுன்சில் மறுபடி கொண்டுவந்தது. 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதற்கும் தடை விதித்தது. ஆகவே இன்று தமிழ்நாட்டில் தகுதியான பட்டம் பெற்ற எவரும், பேரன் பேத்தி எடுத்தவரும்கூட, சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பிக்கலாம், சரி. வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துகிறவரால் படிக்க முடிகிறதா? வயதைச் சொல்லித் தடுத்தபோது நீதிமன்றம் குறுக்கே வந்தது. இப்போது நேரத்தைச் சொல்லித் தடுக்கிறோம். அதை யாரும் தடை என்றே நினைப்பதில்லை.

நான் செவிலியர். கிழக்குத் தாம்பரத்தில் சேலையூர்ப் பக்கம் வீடு. ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தேன். இப்போது மூன்றாண்டு எல்எல்.பி. கடைசி ஆண்டு மாணவி. வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு என் மகள் வயது. அவர்கள் என்னை "அக்கா" என்று கூப்பிடுகிறார்கள். ஆசிரியர்களில் சிலர் என்னைவிட இளையவர்கள். அவர்களை நான் "சார்", "மேடம்" என்றுதான் அழைக்கிறேன். அதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

இந்த வயதில் எதற்குச் சட்டம் என்று கேட்கிறவர்களுக்கு அவசரப் பிரிவைப் பற்றித்தான் சொல்வேன். பல்லாவரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை அந்தச் சாலையில் அடிபட்டவர்களைப் பாதி இரவில் கொண்டுவருவார்கள். முதலில் ரத்தத்தை நிறுத்துவோம், டிரிப் போடுவோம், டாக்டர் பார்ப்பார், ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் பதிவு நடக்கும், போலீசுக்குத் தகவல் போகும். இந்த வேலையெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். அதற்கப்புறம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மனைவியோ அம்மாவோ கேட்பார்: "சிஸ்டர், இடிச்சவன் நிக்காமப் போயிட்டான். இப்ப நாங்க யார்கிட்டப் போய் நிக்கிறது?" எனக்குப் பதில் தெரியாது. பணியில் இருக்கும் டாக்டருக்கும் தெரியாது.

பதில் சட்டத்தில் இருக்கிறது. இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்று தெரியாவிட்டாலும், இறந்தவர் குடும்பத்துக்கு இரண்டு லட்சம் ரூபாயும், படுகாயம் அடைந்தவருக்கு ஐம்பதாயிரம் ரூபாயும் இழப்பீடு உண்டு. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மத்திய அரசுத் திட்டம் இது. கோட்டாட்சியரிடமோ வட்டாட்சியரிடமோ விண்ணப்பம் கொடுக்க வேண்டும். வண்டி எதுவென்று தெரிந்தால் வழி வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவில் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதே 2022 ஏப்ரலிலிருந்து, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. அந்த விதியை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. தொடை எலும்பு முறிந்த ஒருவர் ஊன்றுகோலை விட்டு நடக்கவே அவ்வளவு காலம் ஆகும் என்பது எங்கள் வார்டில் எல்லோருக்கும் தெரியும். இந்த விதியை எழுதும்போது எலும்பு முறிவு வார்டில் வேலை பார்த்த ஒருவரைக் கேட்டிருக்க வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

இன்னொரு தீர்ப்பைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டெல்லியில் ஒரு விபத்தில் கணவனும் மனைவியும் இறந்துபோனார்கள். மனைவி வேலைக்குப் போகாதவர். 2021 ஜனவரியில் தீர்ப்பு சொன்ன உச்ச நீதிமன்றம், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் உழைப்புக்கும் வருமானக் கணக்கு போட்டுத்தான் இழப்பீடு தர வேண்டும் என்றது. அதற்கு ஆதாரமாக 2019-ம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பையும் எடுத்துக்காட்டியது: வீட்டு வேலையில் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். கீர்த்தி வழக்கு என்று சட்ட மாணவர்கள் இதைப் படிக்கிறோம். "அவ சும்மா வீட்லதான் இருந்தா, அவளுக்கு என்ன கிடைக்கப் போகுது" என்று என் முன்னாலேயே சொல்லிவிட்டு எழுந்து போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பிணவறை வாசலில் அவர்களுக்கு அந்த ஒரு வரியைச் சொல்ல ஓர் ஆள் இருந்திருக்க வேண்டும்.

அந்த வாசலில் ஆள் இல்லாமலும் இல்லை. உறவினர் வருவதற்கு முன்பே புரோக்கர் வந்துவிடுவார். வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்குவார், வருகிற தொகையில் ஒரு பங்கு பேசுவார். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை பார் கவுன்சிலின் நடத்தை விதிகள் வெளிப்படையாகத் தடை செய்திருக்கின்றன. அது தெரிந்த ஒரு செவிலியரோ வார்டு உதவியாளரோ பக்கத்தில் நின்றால் அந்தக் கையெழுத்து விழாது. வேறு தொழிலில் பாதி ஆயுளைக் கழித்தவர்கள் சட்டத்துக்கு வர வேண்டும் என்று நான் வாதாடுவது இதனால்தான். வங்கியில் இருந்தவருக்கு அடமானப் பத்திரத்தில் எந்த இடத்தில் ஏமாற்றுவார்கள் என்று தெரியும். மெப்ஸ் வளாகத்தில் ஏற்றுமதி கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த பெண்ணுக்கு ஓவர்டைம் கணக்கை எப்படி எழுதுகிறார்கள் என்று தெரியும். வரதராஜபுரத்திலும் முடிச்சூரிலும் 2015 வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்களுக்கு ஏரி எது, கால்வாய் எது, பிளாட் எது என்று தெரியும். இந்த அறிவை எந்தச் சட்டக் கல்லூரியும் மூன்று ஆண்டில் கற்றுக்கொடுத்துவிட முடியாது. உள்ளே வர இவர்களுக்கு வழி இருந்தால் போதும்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். இந்த எண்ணத்தோடு இருக்கிற பலர் என்னிடம் கேட்பது இதைத்தான்.

தமிழ்நாட்டு அரசுச் சட்டக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் இணையத்தில் விண்ணப்பம் வாங்குகிறது. பட்டப் படிப்பில் வாங்கிய மதிப்பெண்ணும் இட ஒதுக்கீடும்தான் தரவரிசையைத் தீர்மானிக்கின்றன. பொதுப் பிரிவுக்குப் பட்டத்தில் 45 சதவீதம் அடிப்படைத் தகுதி. பெருங்குடியில் பல்கலைக்கழகமே நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளிக்கு இன்னும் அதிகம் வேண்டும். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அதை விண்ணப்பிக்கிற அன்றைக்குத்தான் பலர் தெரிந்துகொள்கிறார்கள்: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசை உடையாமல் இருக்க வேண்டும். தொலைநிலைக் கல்வியில் வாங்கிய பட்டம் செல்லும். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டம் செல்லாது. எங்கள் தொழிலில் இது பெரிய விஷயம். என் வயதுச் செவிலியர்களில் பெரும்பாலோர் ஜி.என்.எம். டிப்ளமோ படித்தவர்கள். டிப்ளமோ பட்டம் ஆகாது. நான் பிளஸ் டூ முடித்துவிட்டு ஜி.என்.எம். படித்தேன். பிற்பாடு சென்னைப் பல்கலைக்கழகத் தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. வரலாறு முடித்தேன். அப்போது பதவி உயர்வுக்கு உதவும் என்று படித்த அந்த பி.ஏ.தான் எனக்குச் சட்டக் கல்லூரியில் இடம் வாங்கித் தந்தது. என்னோடு வேலை பார்த்த, என்னைவிடக் கெட்டிக்காரியான ஒருவர், பிளஸ் டூ எழுதாமல் எம்.ஏ. வரை படித்தவர். அவரால் விண்ணப்பிக்கவே முடியவில்லை.

அடுத்தது சான்றிதழ்கள். பட்டம் வாங்கிப் பல ஆண்டுகள் ஆனவருக்கு இதுவே பாதி வேலை. புரொவிஷனல் இருக்கும், டிகிரி இருக்காது. டிகிரி இருக்கும், ஒரு செமஸ்டர் மார்க் ஷீட் மழையில் போயிருக்கும். மாற்றுச் சான்றிதழ் எங்கே வைத்தோம் என்றே தெரியாது. பெண்களுக்கு இன்னொரு சிக்கல்: பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர். சாதிச் சான்று கணவர் வழியில் செல்லாது, அப்பா வழியில்தான் செல்லும். அறிவிப்பு வருவதற்கு ஓராண்டு முன்பே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்துவிடுங்கள். வீட்டில் யாரும் இதை உங்களுக்காகச் செய்ய மாட்டார்கள்.

நுழைவுத் தேர்வு இல்லாததால் தயாரிப்பே வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது. வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் தாம்பரம் நீதிமன்றத்திலும் செங்கல்பட்டு நீதிமன்றத்திலும் போய் உட்காருங்கள். திறந்த நீதிமன்றத்தில் யாரும் உட்கார்ந்து பார்க்கலாம், அனுமதி வேண்டியதில்லை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் செங்கல்பட்டு எட்டாத தூரமில்லை. வாய்தா என்றால் என்ன, குறுக்கு விசாரணையில் எப்படிக் கேட்கிறார்கள், நீதிபதி எதற்குக் கோபப்படுகிறார் என்பதெல்லாம் அங்கே விளங்கும். கீழமை நீதிமன்றங்களில் தமிழில் நடப்பதைக் கேட்கும்போது, ஆங்கிலம் வராதே என்ற பயம் பாதி போய்விடும். தேர்வையும் தமிழில் எழுதலாம். ஆனாலும் உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருப்பதால், தினமும் ஒரு தீர்ப்பின் இரண்டு பக்கத்தையாவது அகராதியோடு வாசிக்கும் பழக்கம் தேவை. உரைநூல், கைடு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் சட்டத்தின் மூலப் பிரதியான பேர் ஆக்ட்டை வாங்குங்கள். படித்து முடித்தபின் எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வில் குறிப்புகள் இல்லாத பேர் ஆக்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே எழுதலாம். எந்தப் பிரிவு எந்தப் பக்கத்தில் என்று விரலுக்குப் பழகியிருந்தால்தான் அது உதவும்.

தாமதமாக வருகிறவர்களுக்கு இந்த ஆண்டுகளில் ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அவசரப் பிரிவில் எங்களுக்கு 279, 337, 304-ஏ என்று போலீஸ் எழுதும் எண்கள் வாய்ப்பாடு மாதிரி தெரியும். இப்போது அவை 281, 125, 106. முப்பது ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞரும் இந்த எண்களைப் புதிதாகத்தான் படிக்கிறார். இருபத்திரண்டு வயதுக்காரரும் நானும் அவரும் ஒரே புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறோம்.

இப்போது என் முக்கியப் புகாருக்கு வருகிறேன். பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள், எல்எல்.பி. வகுப்பு ஒரு நாளைக்குக் குறைந்தது ஐந்து மணி நேரம், வாரத்துக்கு முப்பது மணி நேரம் நடக்க வேண்டும் என்கின்றன. காலை எட்டுக்கும் மாலை ஏழுக்கும் இடையில் நடக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். 2024 செப்டம்பரில் வந்த சுற்றறிக்கை, வேலையில் இருக்கும் மாணவர் தன் நிறுவனத்திடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும், வருகையைக் கைரேகைக் கருவியில் பதிய வேண்டும் என்றும் சேர்த்தது. விதியின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். வகுப்புக்கு வராமல் சட்டம் படிக்க முடியாது. ஆனால் காலை ஒன்பது முதல் ஆறு வரை வேலை பார்க்கிற ஒருவர் இந்த விதிகளுக்கு உட்பட்டு எப்படிப் படிப்பார்? நான் நிரந்தர வேலையை விட்டுவிட்டு, ஒரு சிறிய மருத்துவமனையில் வார இறுதி இரவுப் பணிக்கு மாறினேன். செவிலியருக்கு இரவுப் பணி என்று ஒன்று இருக்கிறது. பேருந்து நடத்துநருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனி ஊழியருக்கும் அந்த வசதியும் கிடையாது.

இந்த இடைவெளியில்தான் புரோக்கர்கள் புகுந்தார்கள். "பக்கத்து மாநிலத்துல ஒரு காலேஜ் இருக்கு மேடம், பரீட்சைக்கு மட்டும் போனாப் போதும், மத்ததை நாங்க பாத்துக்குவோம்" என்று என்னிடமும் ஒருவர் சொன்னார். தாம்பரத்திலிருந்து இரவு ரயிலில் போய்ப் பரீட்சை எழுதித் திரும்பும் கூட்டம் ஒன்று பல ஆண்டுகளாகவே உண்டு. இந்த 'லெட்டர்பேடு' கல்லூரிகளைப் பற்றி சென்னை உயர் நீதிமன்றமே கடுமையாகப் பேசியிருக்கிறது. அந்த வழியில் போகாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். வகுப்பில் உட்காராமல் வாங்கிய பட்டத்தோடு ஒரு விபத்து வழக்கை எடுத்தால், பாதிக்கப்படப் போவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த மனைவிதான். அதோடு, அந்தக் கூட்டத்தில் எல்லோரும் குறுக்கு வழி தேடியவர்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். மாலையில் ஒரு நேர்மையான கல்லூரி இருந்திருந்தால் அவர்களில் பலர் ஒழுங்காக அதில்தான் சேர்ந்திருப்பார்கள்.

தெற்குப் புறநகரில் சட்டக் கல்லூரிகளுக்குப் பஞ்சம் இல்லை. 1891-ல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரி, 2018-ல் உயர் நீதிமன்றத்தின் பக்கத்திலிருந்து புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பிரிந்து போனது. 2008 நவம்பரில் பழைய வளாகத்தில் நடந்த மாணவர் மோதலை விசாரித்த நீதிபதி சண்முகம் ஆணையம்தான் இடமாற்றத்துக்கு வழி சொன்னது. புதுப்பாக்கம் வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் இருக்கிறது, தாம்பரத்திலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். செங்கல்பட்டில் ஓர் அரசுச் சட்டக் கல்லூரி இருக்கிறது. தனியார் பல்கலைக்கழகங்களின் சட்டத் துறைகள் வண்டலூரில், காட்டாங்குளத்தூரில், சேலையூரில், பல்லாவரத்தில் இருக்கின்றன. கட்டணம்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் அரசோ தனியாரோ, எல்லாம் பகலில். பழைய கல்லூரி பாரிமுனையில் இருந்தபோது கடற்கரை ரயிலில் இறங்கி நடந்து போகலாம். இன்று வேலை முடித்துப் புதுப்பாக்கம் போய்ச் சேரும்போது கல்லூரி பூட்டியிருக்கும்.

என் கோரிக்கையைக் கணக்கோடு வைக்கிறேன். இப்போதைய விதிப்படி மூன்று ஆண்டுப் படிப்பில் வாரத்துக்கு முப்பது மணி நேரம். அதையே நான்கு ஆண்டாக்கினால் வாரத்துக்கு இருபத்திரண்டரை மணி நேரம் போதும். திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஆறு முதல் ஒன்பது வரை பதினைந்து மணி நேரம். சனிக்கிழமை பகலில் ஏழரை மணி நேரம். மொத்தப் பாட நேரத்தில் ஒரு மணிகூடக் குறையாது. வருகை விதி, கைரேகைக் கருவி எல்லாம் அப்படியே இருக்கட்டும், இன்னும் கண்டிப்பாகக்கூட இருக்கட்டும். மாற வேண்டியது, மாலை ஏழுக்குள் முடிய வேண்டும் என்ற வரியும், நாளுக்கு ஐந்து மணி, வாரத்துக்கு முப்பது மணி, மூன்று ஆண்டு என்ற எண்களும் மட்டுமே. உலகத்துக்கு இது புதிதல்ல. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் லா சென்டர்-2 மாலை வகுப்புகளால் பெயர் பெற்றது. லண்டனில் பிர்க்பெக் கல்லூரி வேலைக்குப் போகிறவர்களுக்காகவே மாலையில் பாடம் நடத்துகிறது. அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரிக்கு மாலைப் பிரிவு உண்டு.

அந்தக் கல்லூரி ஏன் தாம்பரத்தில்? கடற்கரையிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் மின்சார ரயில் வந்து சேரும் இடம் இது. வேளச்சேரியிலிருந்து பேருந்து, கிளாம்பாக்கத்திலிருந்து பேருந்து. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆன ஊர். அடுத்த ஜனவரியில் தனி போலீஸ் கமிஷனரகமும் வந்தது. வீட்டுவரி, பட்டா, ஏரி ஆக்கிரமிப்பு, அடுக்குமாடி நிலப் பங்கு (யு.டி.எஸ்.) தகராறு என்று வழக்குகளும் அதற்கேற்பப் பெருகியிருக்கின்றன. புதுக் கட்டடம் வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. மாலையில் காலியாகிற ஓர் அரசுப் பள்ளிக் கட்டடம், ஒரு நூலகம், பாடம் நடத்தத் தாம்பரம், ஆலந்தூர் நீதிமன்றங்களில் தொழில் செய்யும் வழக்கறிஞர்கள் சிலர் இருந்தால் தொடங்கிவிடலாம். பகலில் வழக்கு நடத்தியவர் மாலையில் வந்து அதே வழக்கைப் பாடமாக நடத்தினால் மாணவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

சேர்க்கை முறையிலும் ஒரு மாற்றம் தேவை. இருபத்தைந்து ஆண்டுக்கு முன் பட்டம் வாங்கியவரையும் போன ஆண்டு வாங்கியவரையும் ஒரே மதிப்பெண் பட்டியலில் நிறுத்துகிறார்கள். எங்கள் காலத்தில் தொலைநிலைக் கல்வியில் பி.ஏ.வுக்கு 55 சதவீதம் என்றால் வீட்டில் பாயசம் வைப்பார்கள். இன்று எண்பதும் தொண்ணூறும் சாதாரணம். மாலைப் பிரிவிலாவது பணி அனுபவத்துக்கு ஒரு மதிப்பு கொடுக்க வேண்டும். இட ஒதுக்கீட்டை அப்படியே வைத்துக்கொண்டே இதைச் செய்யலாம்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். சட்டம் முழுநேரத் தொழில், அரைகுறை ஆட்கள் வேண்டாம் என்பார்கள். முழுநேரத் தொழில்தான், ஒப்புக்கொள்கிறேன். வழக்கறிஞராகப் பதிவு செய்தபின் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது என்று பார் கவுன்சிலின் 49-வது விதியே சொல்கிறது. பதிவு செய்கிற அன்று நானும் சீருடையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். நான் கேட்பது, அந்த முடிவை எடுக்கும் நாள் வரை ஒருவர் சம்பளத்தோடு படிக்க இடம் கொடுங்கள் என்று மட்டுமே. எந்தப் பெயரில் எங்கள் பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் இயங்குகின்றனவோ, அந்த அம்பேத்கர் 1918-ல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர். அந்தச் சம்பளத்தில் சேமித்ததையும் வைத்துத்தான் 1920-ல் லண்டன் திரும்பி, கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் ஆனார். 1923-ல் பம்பாயில் தொழில் தொடங்கியபோது அவருக்கு முப்பத்திரண்டு வயது. தொடங்கிய பின்னும் கணக்கியல் பயிற்சி நிலையம் ஒன்றில் வணிகச் சட்டம் சொல்லிக்கொடுத்தே குடும்பத்தை ஓட்டினார்.

பணத்தைப் பற்றி நேராகப் பேசிவிடுவது நல்லது. பதிவுக் கட்டணம் இப்போது சுமை அல்ல. ஒடிசாவில் 42,100 ரூபாய் வரை போயிருந்ததை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பொதுப் பிரிவுக்கு 750, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 என்று சட்டத்தில் உள்ள அளவுக்கே இறக்கிவிட்டது. கஷ்டம் அதற்கப்புறம். ஜூனியராக ஒரு சீனியரிடம் சேர்ந்தால் கையில் என்ன கிடைக்கும்? சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற இடங்களில் 15,000 என்று குறைந்தபட்ச உதவித்தொகை தர அறிவுறுத்துமாறு தமிழ்நாடு - புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. அது ஒவ்வொரு சீனியரின் அலுவலகத்திலும் நடப்புக்கு வர வேண்டும். அதுவரை, இரண்டு ஆண்டு வீட்டுச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளாமல் யாரும் வேலையை விட வேண்டாம். நீதிபதி ஆகும் ஆசையும் வேண்டாம். சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்று ஆண்டு வழக்கறிஞர் பணி வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை முடிக்கும்போது எங்களைப் போன்றவர்களுக்கு வயது வரம்பு தாண்டியிருக்கும்.

நான் செய்ய நினைப்பது சிறிய வேலை. செங்கல்பட்டு தீர்ப்பாயத்தில் விபத்து இழப்பீட்டு மனுக்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதாமல் விட்ட எலும்பு முறிவு எது, எந்த எக்ஸ்-ரேயைத் தேடி எடுக்க வேண்டும், ஊனச் சதவீதத்தை எந்த டாக்டரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இந்த வேலைக்கு இன்னும் பல செவிலியர்கள் வரலாம். அவர்களில் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். எல்லோருக்கும் நான் சொல்ல வேண்டியிருப்பது, முதலில் உங்கள் பகல் வேலையை விடுங்கள் என்பதுதான். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் வீட்டில் இது நடக்காது.

மாலைப் பிரிவு தொடங்க விதியைத் திருத்தும் அதிகாரம் பார் கவுன்சிலிடம் இருக்கிறது. கேட்கிற இடத்தில் தமிழ்நாட்டுச் சட்டத் துறையும் சட்டப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அடுத்த மூன்றாண்டுப் படிப்புக்கான அறிவிப்பு வெளிவருவதற்குள், தாம்பரத்தில் நான்காண்டு மாலைப் படிப்பைச் சோதனை முறையில் நடத்த அனுமதி கேட்டு அவர்கள் ஒரு கடிதம் எழுதட்டும். தாம்பரம், பல்லாவரம், செங்கல்பட்டு சட்டமன்ற உறுப்பினர்கள் வரும் கூட்டத் தொடரில் அந்தக் கடிதம் போனதா என்று கேட்கட்டும்.